கோட்டுக் குரல்

எங்கள் பக்கத்தில் நீதிமன்றத்தைக் கோடு என்போம். நான் திருக்கோணமலைக் கோட்டில் நெடுங்காலம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். கலியாணமான முதல் வருடத்தில் ஒருநாள் வீட்டு வாசலில் என் மனைவியின் தமையன் வந்து நின்றார். நான் குசினிப் பக்கம் போய், “உங்கடை அண்ணர் வந்திருக்கிறார்” என்றேன். மாவுக் கையோடு அவள் ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது. அண்ணர் சிரித்துக்கொண்டு கதிரையில் இருப்பதைக் கண்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

“ஏன் இப்பிடிச் சொன்னனீங்கள்? ஆரோ செத்துப் போச்சினம் எண்டு நினைச்சிட்டன்.”

“எப்பிடிச் சொன்னனான்?”

“கோட்டிலை கதைக்கிற மாதிரி. வீட்டுக்குள்ளை கோட்டுக் குரல் வேண்டாம்.”

அன்று தொடக்கம் எங்கள் வீட்டில் அந்தச் சொல் நிலைத்துவிட்டது. ஏறாமலும் இறங்காமலும் ஒரே மட்டத்தில் போகும் குரலுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு. நீதவான்கள் அதை எனக்குப் பாராட்டாகச் சொல்வார்கள். அதற்குச் சரியான தமிழ் என்ன என்று பல வருடங்கள் தேடியிருக்கிறேன். அகராதியில் ‘ஏகசுருதி’ இருந்தது. வேதத்தை ஏற்ற இறக்கம் இல்லாமல் ஓதும் முறை அது. கோயிலில் நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் நின்று ஒரே சுரத்தை ஊதும் குழலுக்கு ‘ஒத்து’ என்று பெயர். கரையோரத் தேவாலயங்களில் குருவானவர்கள் இலத்தீன் செபத்தை ஒரே சுரத்தில் இழுத்துக்கொண்டு போவதையும் கேட்டிருக்கிறேன். பிற்காலத்தில் வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பவர்கள் அந்தக் குரலைத்தான் எடுத்துக்கொண்டார்கள். இறந்தவர் பெரிய முதலாளியோ கூலிக்காரரோ, பிள்ளைகளின் பெயரும் தகனம் நடக்கும் நேரமும் ஒரே மட்டத்தில் வரும்.

இவற்றில் எதிலும் அந்தக் குரல் ஒரு குறை அல்ல. ஓதுபவருக்கு அது அடக்கம். ஒத்து ஊதுபவருக்கு அது மற்றவரைத் தாங்கும் வேலை. அறிவிப்பாளருக்கு அது மரியாதை. ஆனால் சாதாரணக் கதையில் ஒருவரைப் பற்றி ‘ஒரே சுருதியிலை கதைக்கிறார்’ என்றால் அது குற்றச்சாட்டுத்தான். கேட்பவருக்கு நித்திரை வரும், அல்லது பயம் வரும். பயம் வரும் என்பதை என் மனைவி எனக்கு முந்தியே கண்டுகொண்டாள்.

கோட்டில் அந்தக் குரலை நான் சும்மா பழகவில்லை. எனக்கு முன்னர் அங்கே இருந்த மொழிபெயர்ப்பாளர் உணர்ச்சிக்காரர். சாட்சி அழுதால் அவருக்கும் குரல் தழதழக்கும், சாட்சி அதட்டினால் அவரும் மேசையில் தட்டுவார். ஒரு காணி வழக்கில் தோற்றவர்கள், சாட்சியைவிட மொழிபெயர்ப்பாளர்தான் நன்றாக அழுதார் என்று முறைப்பாடு எழுதினார்கள். அதில் நியாயம் இருந்தது. என்னைப் பதவியில் எடுத்த நீதவான், “எனக்குச் சொற்களை மட்டும் தாரும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். நான் அதை ஏற்றுக்கொண்டேன். வசதியுள்ளவர்கள் அதிகாரத்தோடு முழங்குவார்கள், இல்லாதவர்கள் முணுமுணுப்பார்கள். என் வாயால் வரும்போது இருவரும் ஒரே உயரத்தில் நிற்பார்கள். அது நீதிக்கு நல்லது என்று நம்பினேன். இன்றைக்கும் பெரும்பாலும் அப்படித்தான் நம்புகிறேன்.

நான் எதையும் நாள் குறித்து வைப்பவன். எந்த ஆண்டு வாடைக் காற்று பிந்தியது, எந்த மாதம் மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகு ஓடாமல் நின்றது என்று கேட்பவர்களுக்குச் சொல்வேன். ஆனால் இனிச் சொல்லப்போகும் வழக்கின் நாளை எழுதப்போவதில்லை. அந்தக் குடும்பத்தார் இன்னும் அதே கரையில் இருக்கிறார்கள். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துப் போய் இரண்டொரு வருடமாகியிருந்தது, கச்சான் காற்று வீசும் காலம், கோட்டில் இன்னும் ஆங்கிலமே நடந்துகொண்டிருந்தது என்பவை போதும்.

கூண்டில் நின்றவர் இலங்கைத்துறை மீனவர் ஒருவர், முப்பது வயது மதிக்கலாம். அவரோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர் அவருடைய மனைவியின் தம்பி. இருவரும் மாமன் பிள்ளை, மாமி பிள்ளை. சின்ன வயதிலிருந்தே ஒன்றாக வளர்ந்த மச்சான்மார். ஒரு காலை இருவரும் கடலுக்குப் போனார்கள். மத்தியானம் வள்ளம் முகத்துவாரத்துக்குள் திரும்பி வந்தபோது மைத்துனர் மண்டை பிளந்து நினைவில்லாமல் கிடந்தார். பட்டின ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மீனவரைப் பொலிஸ் பிடித்தது. குற்றச்சாட்டு, கொலை முயற்சி. மைத்துனர் இறந்துவிட்டால் அது கொலை வழக்காகும்.

பிடித்ததற்குக் காரணம் ஒரே ஒரு வசனம். கரையில் மீன் வாங்க வந்து நின்ற மூதூர் வியாபாரி ஒருவர், வள்ளம் தள்ளுவதற்கு முன்னர் அந்த வசனத்தைக் கேட்டிருந்தார். விசாரணையில் அவர்தான் முதற்சாட்சி. தொப்பி போட்ட, நல்ல உடம்புக்காரர். கரையில் மீனை ஏலம் கூறிப் பழகியதால் கோட்டின் ஓடுகள் அதிரும் தொண்டை.

“நான் கேட்டதத்தான் பொலிஸுக்குச் சொன்னேன் ஐயா. கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல. வள்ளத்துக்குப் பிந்தி வந்த மச்சானைப் பார்த்து இவர் சொன்னாரு: ‘டேய் மச்சான், இன்னொருக்காப் பிந்தி வா, ஒன்ட மண்டையைப் பிளந்து கடலுக்குள்ள போடுறன்.’”

ஏலக்காரர் அல்லவா, மீனவரின் குரலையும் சேர்த்தே எடுத்துத் தந்தார். ‘டேய்’ என்பதை இழுத்து, ‘மச்சான்’ என்பதில் கொஞ்சம் கொஞ்சி, கடைசிச் சொல்லைச் சிரிப்புக்குள் விழுத்தினார். பின்வாங்கில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நீதவான் தெற்கிலிருந்து வந்தவர், கவனமானவர். தமிழில் அவருக்குத் தெரிந்தது ‘சரி’யும் ‘போகலாம்’ என்பதும் மட்டும். அவர் என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: “மைத்துனரே, நீ மறுபடி தாமதித்தால் உன் தலையைப் பிளந்து கடலில் போடுவேன்.”

என் வாயால் வந்த அந்த வசனத்தை நானே கேட்டேன். கத்தியை மேசையில் வைத்த மாதிரி இருந்தது. நீதவானின் பேனை ஓடியது.

மீனவருக்காக வந்த வழக்கறிஞர் கெட்டிக்காரர். எழும்பி, “அதற்கு மற்றவர் என்ன சொன்னார்?” என்று கேட்டார். பொலிஸ் அறிக்கையில் அது இல்லை.

வியாபாரி முகம் மலர்ந்தார். “அவரும் விடல்ல ஐயா. ‘பிளந்து பாரன், ஒன்ட மண்டை மாதிரி வெறுமையா இராது’ எண்டாரு.”

பின்வாங்கு முழுவதும் சிரித்தது. காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நீதவான் சிரிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: “பிளந்து பார். அது உன் தலையைப் போல் வெறுமையாக இருக்காது.”

எவரும் சிரிக்கவில்லை. ஆங்கிலம் தெரிந்த எழுதுவினைஞர்கள்கூடச் சிரிக்கவில்லை. நீதவான் எழுதிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “ஆக, மிரட்டலுக்குப் பதில் அவமதிப்பு. கடலில் இருவரும் தனியே இருக்கிறார்கள். ஆத்திரம் ஏறியிருக்கும்.”

வழக்கறிஞர் காப்பாற்ற எடுத்த வசனம் குற்றத்துக்கான காரணமாக மாறிவிட்டது. அதற்குப் பிறகு அவருக்கு இருந்த ஒரே வழி மீனவரைக் கதைக்க விடுவது. நீதவான் கேட்டார், நான் தமிழில் கேட்டேன்: “நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?”

மீனவர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது.

“பாயின்ரை குறுக்குக் கம்பு விழுந்தது ஐயா. காத்து ஒருக்காத் திருப்பி அடிச்சுது. ஆனா நான் சொன்ன மாதிரியே விழுந்தது. விடியச் சொன்னன், மத்தியானம் நடந்துது.”

தன் வாய் பலித்துவிட்டது என்ற பயத்தில் சொன்ன கதை அது. கேட்ட எவருக்கும், அவர் குரல் உடைந்த இடத்தில், அது விளங்கியிருக்கும். நான் ஆங்கிலத்தில் சொன்னது: “பாயின் குறுக்குக் கம்பு விழுந்தது. காற்று ஒருமுறை திருப்பி அடித்தது. ஆனால் நான் சொன்னபடியே விழுந்தது. காலையில் சொன்னேன், மதியம் நடந்தது.”

நீதவான் நிமிர்ந்து அவரை நீண்ட நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில், பெருமை பேசும் கொலைகாரன் ஒருவன் கூண்டில் நிற்பதை நான் கண்டேன். அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது என் குரல்.

அப்போது நான் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தேன். “ஐயா, இந்த வார்த்தைகள் சொல்லப்பட்ட முறையைப் பற்றி...” என்று தொடங்கினேன்.

“நீர் சாட்சியா?” என்றார் நீதவான், கோபமில்லாமல்.

“இல்லை, ஐயா.”

“அப்படியானால் உமது இடத்தில் இரும்.”

பிழை சொல்ல முடியாது. மொழிபெயர்ப்பாளன் தன் அபிப்பிராயத்தையும் சேர்த்து விற்கத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்று எனக்கும் தெரியும். மைத்துனரின் வாக்குமூலம் கிடைக்கும்வரை மீனவரைச் சிறை மறியலில் வைக்கக் கட்டளையாயிற்று.

இடைவேளையில் விறாந்தைக்கு வந்தேன். அங்கே மீனவரின் மனைவி நின்றாள். மூதூரிலிருந்து காலை லோஞ்சில் வந்தவள். சேலைக் கரை உப்பு நீரில் நனைந்து காய்ந்திருந்தது.

“ஐயா, நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு எனக்கு விளங்கேல்லை. ஆனா குரல் விளங்கிச்சு.”

“நான் அவையள் சொன்னதைத்தான் சொன்னனான், அம்மா.”

“அந்தக் குரலிலை எங்கடை ஊரிலை செத்தவீட்டுக்குச் சொல்லத்தான் வருவினம்.”

“கோட்டிலை அதுதான் முறை.”

“ஆருடைய முறை?” என்றாள். பிறகு தன் குரலைத் தானே அடக்கிக்கொண்டாள். “கோவிக்காதேங்கோ ஐயா. கூண்டுக்குள்ளை என்ரை மனுசன், ஆஸ்பத்திரிக் கட்டிலிலை என்ரை தம்பி. எந்தப் பக்கம் முடிஞ்சாலும் நான்தான் ஒப்பாரி வைக்கவேணும்.”

பொலிஸ்காரர் மீனவரை விலங்கோடு எங்களைக் கடந்து கூட்டிப்போனார். மீனவர் நின்று மனைவியிடம் கேட்டது ஒன்றுதான். “அவன் கண் திறந்தானோ?”

“இல்லை.”

“திறந்தா, நான் வந்து போனனான் எண்டு சொல்லு.”

“மறியலிலை இருந்து எப்பிடி வந்து போறது?”

“அவனுக்குத் தெரியாதே. சொல்லு.”

அன்று பின்னேரம் வீட்டில் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு அந்த வசனத்தை மனைவிக்குச் சொன்னேன். முதலில் கோட்டுக் குரலில் சொன்னேன். அவள் கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு வியாபாரி சொன்னது போல் சொல்லிப் பார்த்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. “மச்சானும் மச்சானும் வேறை எப்பிடிக் கதைக்கிறது?” என்றாள்.

அதுதான் சங்கதி. எங்கள் கரையோரத்தில் மச்சான்மாருக்குள் அன்பைச் சொல்ல வேறு பாஷை இல்லை. தாயிடம் செல்லம், தமையனிடம் மரியாதை, மச்சானிடம் ஏச்சு. கொல்லுவேன், வெட்டுவேன், மீனுக்குப் போடுவேன் என்பதெல்லாம் தினமும் வள்ளத்தோடு சேர்த்துத் தள்ளிவிடும் வார்த்தைகள். இதைத் தமிழ் தெரிந்த நீதவானுக்குச் சொல்லத் தேவையில்லை. தமிழ் தெரியாதவருக்குச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.

“அப்ப அந்த மனுசன் உங்கடை வாயாலைதான் மறியலுக்குப் போகுதோ?” என்று மனைவி கேட்டாள். தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

வழக்கின் அடுத்த தவணைக்கு முன்னரே ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. காயம்பட்டவர் கண் திறந்துவிட்டார், கதைக்கிறார், ஆனால் நிலைமை உறுதியில்லை, வாக்குமூலம் எடுப்பதென்றால் இப்போதே எடுக்க வேண்டும். நீதவான் அன்று காலையே புறப்பட்டார். நானும், வழக்கறிஞரும், பொலிஸ் தரப்பில் ஓர் இன்ஸ்பெக்டரும் போனோம். மீனவரையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார், குற்றஞ்சாட்டப்பட்டவர் முன்னிலையில் சொல்லட்டும் என்று. ஆஸ்பத்திரி முற்றத்தில் ஊருக்குள் திரியும் மான்களில் இரண்டு வாழைத்தோல் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன. வாட்டு வாசலில் டாக்குத்தர் எங்களை மறித்தார்.

“நினைவு தெளிவாக இருக்கிறது” என்று ஆங்கிலத்தில் சொன்னார். “பேச்சும் வந்துவிட்டது. ஆனால் பேச்சின் ஏற்ற இறக்கம் வரவில்லை. முகத்தின் ஒரு பக்கமும் அசையவில்லை. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று எங்களுக்கே தெரிவதில்லை. சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது. களைப்பாக்க வேண்டாம்.”

இதுவரை என் குரல் மட்டும்தான் ஒரே மட்டமாக இருந்தது. இனிச் சாட்சியின் குரலும் அப்படித்தான்.

கட்டிலின் தலைமாட்டில் மைத்துனரின் அக்கா, மீனவரின் மனைவி, நின்றாள். கால்மாட்டில் பொலிஸ்காரரோடு மீனவர். மைத்துனரின் தலை முழுவதும் வெள்ளைச் சீலைக் கட்டு. பெயரைக் கேட்டேன், சொன்னார். ஊரைக் கேட்டேன், சொன்னார். ஒவ்வொரு சொல்லும் ஒரே உயரத்தில், ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தது. பாடமாக்கிய கணக்கு வாய்பாடு போல.

“இந்தக் காயம் எப்படி வந்தது என்று கேளும்” என்றார் நீதவான்.

கேட்டேன். மைத்துனரின் கண் மெதுவாகத் திரும்பி, கால்மாட்டில் விலங்கோடு நின்றவரில் போய் நின்றது.

“இவன்தான் ஐயா. மண்டையைப் பிளக்கிறன் எண்டு சொன்னவன். பிளந்து போட்டான்.”

அக்காவின் கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தது. மீனவர் அசையவில்லை. நான் மொழிபெயர்த்தேன். இன்ஸ்பெக்டர் வழக்கறிஞரைப் பார்த்தார். வழக்கறிஞர் நிலத்தைப் பார்த்தார்.

“மறுபடி கேளும்.”

மறுபடி கேட்டேன். “இவன்தான் எண்டு சொன்னனானே. வேறை ஆர் என்னை அடிக்கிறது” என்றார். அதே குரல். பகிடியா, பழியா? அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் தூங்கிக்கொண்டிருந்தது, மறுபக்கம் எதையும் சொல்லவில்லை. ஊரறிந்த மச்சான் கதை என்று நான் நினைத்தேன். ஆனால் கடலில் என்ன நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை வியாபாரி கேட்ட பகிடியைவிடப் பொலிஸ் எடுத்துக்கொண்ட மிரட்டலே சரியாக இருந்தால்?

நீதவான் என் பக்கம் திரும்பினார். “இவர் உண்மையாகத்தான் சொல்கிறாரா?”

முதல் தடவையாக அவர் என்னிடம் சொல்லுக்கு அப்பால் ஒன்றைக் கேட்டார்.

“சொற்களைத் தரலாம், ஐயா. அதற்கு மேல் எனக்குக் கேட்கவில்லை. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.”

“உமது குரலிலும்தான் இல்லை” என்றார் நீதவான். “இத்தனை காலமும் நான் எப்படிக் கேட்டு வருகிறேன் என்று நினைக்கிறீர்?” பேனையை மறுபடி திறந்தார். “எதனால் அடித்தான் என்று கேளும்.”

கேட்டேன்.

“பாயின்ரை குறுக்குக் கம்பாலை.”

“கம்பு யார் கையில் இருந்தது?”

“கையிலை இல்லை. மேலை இருந்தது.”

“பிறகு எப்படிக் கீழே வந்தது?”

“காத்து திரும்பி அடிச்சுது. நான் கயித்தை இளக்கினனான். வழுக்கிப் போச்சு.”

“கயிற்றைப் பிடித்தது யார்?”

“நான்தான்.”

“அப்போது இவர் எங்கே?”

“வள்ளத்தின்ரை பின்பக்கம், பின்னணியத்திலை. சுக்கான் தண்டு பிடிச்சுக்கொண்டு.”

நான் ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல நீதவான் எழுதினார். அவருக்கு அவசரம் இருக்கவில்லை. ஒரு சொல்லாவது கூடக்குறையப் போய்விடுமோ என்று ஒவ்வொரு பதிலையும் மனத்துக்குள் ஒருமுறை வைத்துப் பார்த்துத்தான் வெளியே விட்டேன்.

“கம்பு விழுந்த பிறகு இவர் என்ன செய்தார்?”

“நான் கடலுக்கை விழுந்திட்டன். இவன் குதிச்சு, தலைமயிரிலை பிடிச்சு இழுத்து வள்ளத்திலை போட்டவன். பேந்து நடந்தது எனக்குத் தெரியாது.”

நீதவான் பேனையை வைத்தார்.

“அப்படியானால், ‘இவன்தான் என்னை அடித்தான்’ என்று ஏன் இரண்டு முறை சொன்னார்? இதைக் கவனமாகக் கேளும்.”

கவனமாகக் கேட்டேன். மைத்துனர் உதட்டை நனைத்துக்கொண்டார்.

“நான் ஒருநாளும் இவனுக்கு நல்ல கதை சொன்னதில்லை ஐயா. இண்டைக்கு நல்ல கதை சொன்னா, நான் சாகப்போறன் எண்டு பயந்திடுவான்.”

அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது நான் கோட்டுக் குரலை விடவில்லை. விட்டிருந்தால் கெட்டுப்போயிருக்கும். அந்த மனிதர் எப்படிச் சொன்னாரோ அப்படியே, மேடு பள்ளம் இல்லாமல் சொன்னேன். என் தொழிலில் சொல்லும் குரலும் ஒருசேரச் சரியாகப் போன இடம் என்று இதைத்தான் சொல்வேன். நீதவான் அதை எழுதவில்லை. சிறிது நேரம் சன்னலால் வெளியே பார்த்தார். பிறகு எழுதினார்.

எழுதியதை அவர் வாசித்தார், நான் தமிழில் சொன்னேன், மைத்துனர் பெருவிரல் அடையாளம் வைத்தார். வழக்கை முன்கொண்டுபோகப் பொலிஸுக்கு எண்ணமில்லை என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். முறையான கட்டளை கோட்டில் வரும், இப்போது சொந்தப் பிணையில் விடுகிறேன் என்றார் நீதவான். பொலிஸ்காரர் விலங்கைக் கழற்றினார்.

நான் மீனவரிடம், “உங்களை விட்டிட்டினம். நீங்கள் போகலாம்” என்றேன்.

அவர் போகவில்லை. கட்டிலைச் சுற்றி வந்து, குந்தி இருந்து, மைத்துனரின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தார். பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்.

“மச்சான். நோகுதோ, ராசா?”

மைத்துனரின் அசையும் கண் விரிந்தது. பிடித்த கையிலிருந்து தன் கையை இழுக்கப் பார்த்தார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, அந்த ஒரே மட்டக் குரலில் கேட்டார்: “அக்கா, இவன் ஏன் இப்பிடிக் கதைக்கிறான்? டாக்குத்தர் என்ன சொன்னவர்? ஒளிக்காமல் சொல்லு.”

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் பயம் அந்தக் கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது. தமிழ் தெரியாத நீதவான்கூட வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

அக்கா கணவனின் தோளில் இடித்தாள். “ஏசுங்கோ” என்றாள்.

“என்ன?”

“அவனை ஏசுங்கோ. கெதியா.”

மீனவர் மூக்கைத் துடைத்தார். முகத்தை இரண்டு தரம் கையால் வழித்தார். “எட...” என்று தொடங்கினார். செருமினார். மறுபடி தொடங்கினார். “எட மூதேசி, கயித்தைப் பிடிக்கத் தெரியாத உன்னை ஆர் வள்ளத்திலை ஏத்தினது? எழும்பி வா, அந்தக் கம்பாலையே மற்றப் பக்கத்தையும் பிளக்கிறன்.”

குரல் சரியாக வரவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் உடைந்தது. ஆனால் போதுமாக இருந்தது. மைத்துனரின் கை இழுப்பதை நிறுத்திவிட்டு அவர் கைக்குள் கிடந்தது.

“அக்கா, தண்ணி தா” என்றார் மைத்துனர்.